பட்டு மேல் இருந்த கேஸ்

பட்டுவைப் பற்றி நல்லதாகச் சொல்ல இந்த ஹைதராபாத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாங்கள் குடியிருக்கும் லோத்குண்டாவில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒருவர் கிடைப்பார். அதனால் அந்த வேலையை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் அவளுடைய ஓர்ப்படி, ராஜம். என் கணவர் ராமசுவாமி மூத்தவர், அவள் கணவர் சௌந்தரராஜன் இளையவர். கீழ்வீட்டில் நான், மாடியில் அவள் என்று ஒரே கட்டடத்தில் காலம் தள்ளியிருக்கிறோம். ஒரு பெண்ணை அவளுடைய ஓர்ப்படி கவனிக்கிற மாதிரி பெற்ற தாய்கூடக் கவனித்திருக்க மாட்டாள்.

எனக்கு அவள் மேல் பொறாமை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்வதில்லையா, அந்த மாதிரிதான்.

நான் மாம்பலத்துப் பெண், பி.ஏ. படித்தவள். அவள் மன்னார்குடிப் பக்கம், பத்தாவதோடு சரி. கல்யாணமாகி ஹைதராபாத் வந்த வருஷமே தெலுங்கு பேச ஆரம்பித்துவிட்டாள், அடுத்த வருஷம் இந்த ஊர் உருதுவும். எனக்கு இன்றுவரை காய்கறிக்காரரிடம் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று சொல்லத்தான் தெரியும். அவள் அதே வண்டியிடம் போய் அவருடைய பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரிப்பாள். அவர் அவள் பையில் ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா திணிப்பார். அதே வண்டி, அதே கறிவேப்பிலை. எனக்கு மட்டும் காசு.

அவள் மாவு வியாபாரம் தொடங்கிய கதையைப் பத்திரிகைக்காரர்கள் கூட வந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதில் விட்டுப்போன ஒரு விஷயம் உண்டு. அந்த முதல் கிரைண்டர் என்னுடையது. கோயம்புத்தூரிலிருந்து என் அண்ணா லாரியில் போட்டு அனுப்பியது. தொண்ணூற்றொன்பதில் ஒரு நாள் பட்டு கீழே வந்து, "மன்னி, ஒரே ஒரு நாளைக்குக் கிரைண்டர் வேணும், எதிர்த்த வீட்டுப் பையன் கொண்டாப்பூர்ல பசங்களோட தங்கியிருக்கான், இட்லி மாவு கேக்கறான்" என்றாள். அந்த ஒரு நாள் முடியவே இல்லை.

அப்போது கொண்டாப்பூரில் பாறைகளுக்கு நடுவில் அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டிருந்தன. திருச்சியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள் மூன்று வேளையும் பிரியாணி தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, இட்லி என்ற சொல்லைக் கேட்டாலே கண்கலங்கும் நிலையில் இருந்தார்கள். பட்டுவின் மாவு டிபன் கேரியரில் போனது, பிறகு வாளியில் போனது, பிறகு பாக்கெட்டில் போனது. பாக்கெட்டின் மேல் 'பட்டு மாவு' என்று அச்சடித்தார்கள். கிரைண்டரின் பேரை யார் அச்சடிப்பார்கள்? ஜீடிமெட்லா போகும் வழியில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, ஆள் வைத்து, வேன் வைத்து அரைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. ஆனால் தினமும் விடிந்ததும் என் வாசலில் ஒரு தூக்குப் பாத்திரத்தில் மாவை வைத்துவிட்டுப் போவாள். அது கிரைண்டருக்கு அவள் கொடுத்த வாடகையோ என்னவோ. ஒரு நாளாவது புளித்திருக்கும், திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்ப்பேன். புளித்ததே இல்லை.

எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் மத்திய அரசு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள். உத்தியோகத்தில் இருக்கிறவர் வியாபாரம் செய்யக்கூடாது, செய்தால் வேலை போய்விடும். எங்களைப் போன்ற குடும்பங்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பால் பூத்தோ, இன்ஷூரன்ஸ் ஏஜென்ஸியோ, எதுவானாலும் பெண்டாட்டி பேரில் இருக்கும், புருஷன் ஸ்கூட்டரில் ஓடும். அவர் விரல் வைக்கிற இடத்தில் இவள் கையெழுத்துப் போடுவாள். எழுதாத ரசீதுப் புத்தகம் முழுவதிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் பிரசவத்துக்குப் போன பெண்ணை எனக்குத் தெரியும்.

பட்டுவின் வியாபாரமும் அப்படித்தான். அரைப்பது அவள். கணக்கு, ஏஜென்ஸி, யாருக்கு எந்த ஏரியா என்பதெல்லாம் என் கணவர். சௌந்தரராஜன் பாவம், இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டால் அண்ணாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். அதனால் ஆபீஸ் விட்டு வந்து காபி குடித்ததும் என் கணவர் மாடிக்குப் போய்விடுவார், பின்னாலேயே நானும். தப்பாக நினைக்க வேண்டாம். பட்டு அவர் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அவர் இரண்டடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு, "மன்னி, மியாப்பூர் பாக்கி வந்துடுத்துன்னு அண்ணாகிட்ட சொல்லுங்கோ" என்று என்னிடம் சொல்வாள். நான் அவரிடம் சொல்வேன். நடுவில் தபால்காரி வேலை எனக்கு.

அவளை நான் முந்தியது ஒரே ஒரு விஷயத்தில். இரண்டாயிரத்து மூன்றில் நாங்கள் கொண்டாப்பூரில் மனை வாங்கினோம். எப்போது பார்த்தாலும் பட்டு வேன் வாங்கினாள், பட்டு ஷெட் பிடித்தாள் என்றே கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா, நமக்கென்று இந்த ஊரில் ஒரு துண்டு மண் வேண்டாமா என்று நான் அவரைத் துளைத்தெடுத்திருந்தேன். பி.எஃப். கடன் போட்டேன் என்று சொல்லி ஒரு நாள் பத்திரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு மாடி ஏறிப் போய்ப் பட்டுவிடம் கொடுத்தேன். "ரொம்ப சந்தோஷம் மன்னி" என்றாள். அவள் முகத்தில் ஏதாவது வாடுகிறதா என்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் வாடவில்லை. அது ஒரு குறைதான், ஆனாலும் அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

அந்த வருஷக் கடைசியில் கேஸ் வந்தது.

இளங்கோவன் என்று திருச்சிப் பக்கத்துப் பிள்ளை. கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தபோது வேலையை இழந்தவன். பட்டு மாவுக்குக் கொண்டாப்பூர் ஏஜென்ஸி தருகிறோம், அந்த ஏரியாவில் வேறு யாரும் விற்க மாட்டார்கள் என்று சொன்னதை நம்பி, கையில் இருந்ததையெல்லாம் டெபாசிட்டாகக் கட்டினான். ஃப்ரிட்ஜும் வண்டியும் வாங்கி வியாபாரம் தொடங்கிய பிறகுதான், அதே ஏரியாவை அதே வாக்குறுதியோடு இன்னொருவருக்கும் கொடுத்து, அவரிடமும் டெபாசிட் வாங்கியிருப்பது தெரிந்தது. ரசீது இரண்டிலும் பட்டுவின் கையெழுத்து. அவன் போலீஸுக்குப் போனான். ஏமாற்று வழக்கு, பட்டுவின் மேல்.

போலீஸ் கேட்டபோது, "நான்தான் வாங்கினேன், திருப்பிக் கொடுத்துடறேன்" என்று மட்டும் சொன்னாளாம். எங்கள் வீட்டுப் படியேறிப் போலீஸ் வந்தது அதுதான் முதல் தடவை. நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் சொன்னேன். கேட்காதவர்களைக் கேட்க வைத்தேன். பஜனை மண்டலியில் அவளைத் தாம்பூலம் வாங்கக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். சரியான தண்டனை என்று நினைத்தேன். அதற்கும் அவள் முகம் வாடவில்லை. தூக்குப் பாத்திரம் மட்டும் வழக்கம்போல வாசலில் இருந்தது.

என்னால் தாங்க முடியாதது வேறு. கேஸ் நாள் வந்தால் என் கணவர் லீவு போட்டுவிட்டு அவளோடு கோர்ட்டுக்குப் போவார். என் பித்தப்பை ஆபரேஷனுக்கு லீவு கிடைக்காத மனிதர். "சௌந்தருக்கு கோர்ட்டைப் பார்த்தாலே வேர்த்துடும், வேற யார் போறது?" என்பார். போய்விட்டு வந்தால் சாப்பிட மாட்டார். ஈசிசேரில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் பாதியாக இளைத்தார். அவளுக்காக இவ்வளவு உருகுகிறாரே, எனக்கு ஒரு கேஸ் வந்தால் இப்படி இளைப்பாரா என்று எனக்கு வயிறெரிந்தது. ஒரு தடவை வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

வாய்தா வாங்கி வாங்கி, கடைசியில் அந்தப் பிள்ளைக்கும் மற்றவருக்கும் டெபாசிட்டையும் நஷ்டத்தையும் பட்டு கட்டி, சமரசமாகி, கேஸ் முடிந்தது. அதே வருஷம் என் கணவர் ஓய்வு பெற்றார். சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், முழுப் பென்ஷன் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் அதை அனுபவித்தார். பிறகு ஒரு காலை காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அன்று பட்டு அழுத அழுகையைப் பார்த்து, துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் அவளிடம் போனார்கள். அதிலும் என்னை முந்திக்கொண்டாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் பட்டு மாவை வாங்க ஒரு பம்பாய்க் கம்பெனி வந்தது. அவளுக்கு விற்றாக வேண்டிய நிலைமை. சௌந்தரராஜனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது. புரட்டிப் படுக்க வைக்கவே ஆள் வேண்டும். அவளுக்கோ தோள்பட்டை தேய்ந்துபோய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. காலையில் புருஷன், பகலில் ஷெட் என்று அவள் ஓடுவதை மாடிப்படிச் சத்தத்திலேயே நான் கணக்கு வைத்திருந்தேன். கம்பெனி கொடுக்க இருந்த விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அந்த விலைக்குள் என் கிரைண்டரும் இருந்தது.

இந்த விற்பனைக்கு ஓடியாடி வேலை செய்தது யார் என்றால், என் மகன் நிகில். கொண்டாப்பூரில் அந்த மனையில் கட்டிய வீட்டில் மனைவியோடு இருக்கிறான், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என்னைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவான். சித்தி கூப்பிட்டால் எந்தக் கிழமையும் வருவான். நான் தமிழில் கேட்டால் பாதி இங்கிலீஷும் பாதி தெலுங்குமாகப் பதில் சொல்கிறவன், அவளிடம் மட்டும் முழுத் தமிழில் பேச முயற்சி செய்வான்.

"மா, இது சும்மா கையெழுத்து போட்டு விக்கறது இல்ல," என்றான் ஒரு ஞாயிறு. "விக்கறவங்க மேல பழைய கேஸ் இருந்ததா, மோசடி ஏதாவது நடந்ததா, எல்லாம் ஃபர்ஸ்டே சொல்லிடணும். டிஸ்க்ளோஷர்னு பேரு. சொல்லிட்டா ஓகே. மறைச்சு அப்புறம் தெரிஞ்சா காசைத் திருப்பிக் கேப்பாங்க, கேஸும் போடுவாங்க."

எனக்கு அந்தச் சொல் தேனாக இனித்தது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்பது போல ஒரு சட்டம், அதுவும் பட்டுவுக்காகவே செய்தது போல. ஒன்று, அவள் தன் வாயால் நான் மோசடிக்காரி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மறைக்க வேண்டும். மறைத்தால் நான் இருக்கிறேன்.

"வக்கீல்கிட்ட என்னிக்குப் போறேள்? நானும் வரேன்" என்றேன்.

வக்கீல் பத்மஜா, நாராயணகுடாவில் ஆபீஸ் வைத்திருந்தவள். தெலுங்குப் பெண், சென்னையில் படித்ததால் தமிழ் பேசுவாள். நிகில் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தான். உள்ளே நாங்கள் மூன்று பேர்.

"ஆன்ட்டி, வாங்குறவங்க முதல்ல கேக்குறது இதுதான்," என்றாள் பத்மஜா. "உங்க மேல, இல்ல இந்த பிசினஸ் மேல, ஏதாவது கேஸ், ஏமாத்திட்டாங்கன்னு கம்ப்ளெய்ன்ட் இருந்ததா?"

நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். பட்டு இல்லை என்று சொன்னால், "என்ன பட்டு, இளங்கோவன் விஷயத்தை மறந்துட்டியா?" என்று அன்பாகக் கேட்பதாக ஏற்பாடு. வரும் வழியெல்லாம் காரில் அந்தக் குரலை மனசுக்குள் பழகிக்கொண்டு வந்திருந்தேன்.

"இருந்ததும்மா. ஒண்ணு இருந்தது" என்றாள் பட்டு. கொண்டாப்பூர், இரண்டு டெபாசிட், இளங்கோவன், சமரசம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை மிச்சம் வைக்கவில்லை.

பத்மஜா எழுதிக்கொண்டே வந்து நிமிர்ந்தாள். "டெபாசிட்டைக் கையில வாங்கினது யாரு?"

"ரசீது என் பேர்ல."

"அதைக் கேக்கல ஆன்ட்டி. ரெண்டு பேர்கிட்டயும் பேசி ஒத்துக்கவச்சு வாங்கினது யாரு? நீங்க காலையில இருந்து அரைச்சுட்டே இருந்தேன்னு சொன்னீங்களே."

பட்டு மேஜை மேல் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்தாள். "நான்தான்" என்றாள்.

"அவங்க லாயர் அந்த இளங்கோவனைக் கூப்பிட்டுக் கண்டிப்பா விசாரிப்பாரு. அவர் வேற பேர் சொன்னாருன்னா, அன்னிக்கு நடந்தது பழைய மோசடி, இன்னிக்கு நீங்க எழுதிக் கொடுக்கறது புது மோசடி ஆயிடும். பழசை விட்டுடுவாங்க. புதுசை விட மாட்டாங்க. எனக்கு நடந்தது வேணும் ஆன்ட்டி."

பட்டு கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அப்போ விக்க வேண்டாம்மா. நான் அரைச்சுண்டே இருக்கேன்" என்று எழுந்துவிட்டாள்.

காரில் திரும்பும்போது எனக்கு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பத்து வருஷமாக நான் வேண்டிக்கொண்டது நடந்திருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. தன் பேரில் கேஸ் இருந்ததைத் துணிச்சலாகச் சொன்னவள், யார் பேரைச் சொல்ல மாட்டாமல் இவ்வளவு பெரிய தொகையை வேண்டாம் என்று எழுந்து வருகிறாள்?

சாப்பாட்டுக்குப் பிறகு மாடி ஏறினேன். சௌந்தரராஜன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பட்டு சமையலறையில் உளுந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் காப்பாத்தற பட்டு? உன் ஆத்துக்காரரையா?"

"அவருக்கு ரசீதுப் புஸ்தகம் எங்க இருக்குன்னே தெரியாது மன்னி."

அப்புறம் மிச்சம் இருந்தது ஒருவர்தான். நான் ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டேன்.

"உட்காருங்கோ மன்னி."

"நின்னுண்டே கேக்கறேன். சொல்லு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவர் இருந்தபோது எப்படிப் பேசுவாளோ அப்படியே, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "புகார் கொடுத்துட்டான்னு தெரிஞ்ச அன்னிக்கு, போலீஸ் வரதுக்கு முன்னாடி, நீங்க மாம்பலம் போயிருந்தேள், உங்க தங்கை பொண்ணு வளைகாப்புக்கு. அண்ணா மாடிக்கு வந்தார். உள்ள வரலை. வாசப்படியிலேயே நின்னுண்டு, 'பட்டு, நான் பண்ணிட்டேன்'னார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அன்னிக்குத்தான்."

"அப்புறம்?"

"அழுதார் மன்னி. வெளில தெரிஞ்சா உத்தியோகம் போயிடும், பென்ஷன் போயிடும்னார். நான் சொன்னேன், ரசீது என் பேர்லதானே இருக்கு, புகாரும் அதைப் பார்த்து என் மேலதானே கொடுத்திருக்கா, அப்படியே இருக்கட்டும்னு. ஒண்ணே ஒண்ணு கேட்டார். ராஜத்துக்குத் தெரிய வேண்டாம்னு."

எதற்காக வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மனை வாங்கியதற்கு மைசூர்பாகு எடுத்துக்கொண்டு அதே சமையலறைக்கு நான் வந்தது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

எனக்கு வந்தது கோபம். யாராவது இதைப் படித்துவிட்டு, அந்த இடத்தில் நான் உருகிப்போய் அவள் காலில் விழுந்திருப்பேன் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். முப்பத்துச் சொச்சம் வருஷம் அந்த மனிதருக்கு நான் சோறு போட்டிருக்கிறேன். அவர் அம்மா போனபோதுகூட அழுது நான் பார்த்ததில்லை. அவருக்கு அழத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அதை அவளிடம் போய்க் கொட்டியிருக்கிறார். எதிரில் நின்று பேசாதவளிடம், கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளிடம். லீவு போட்டு, கோர்ட் வாசலில் இரண்டு பேரும் ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நான் வீட்டில் ரசத்தைச் சுடவைத்துக்கொண்டு, அவள் எப்பேர்ப்பட்ட மோசடிக்காரி என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முகம் ஏன் வாடவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அவளிடம் என்னுடையது ஒன்று இருந்திருக்கிறது. நான் பேசியதெல்லாம் அவளுக்கு எப்படிச் சுடும்?

"மன்னி," என்றாள் பட்டு. இப்போது என்னைப் பார்த்தாள். "அவர் இல்லை. அவருக்குக் கொடுத்த வார்த்தையை உங்ககிட்ட இன்னிக்கு மீறிட்டேன். ஊருக்கு எழுதிக் கொடுக்கணும்னா நீங்கதான் சொல்லணும். வேண்டாம்னா இத்தோட விட்டுடறேன். நிஜமா எனக்கு வருத்தம் இல்லை."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. வேண்டாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான். விற்பனை போகும். அவள் தேய்ந்த தோளோடு அரைத்துக்கொண்டே இருப்பாள், மாடிப்படியில் அந்த ஓட்டம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் கணவர் படத்துக்குப் போட்ட சந்தன மாலையும் கலையாது. எல்லாம் எனக்குச் சாதகம்.

ஆனால் அப்படிச் செய்தால் அந்த ரகசியம் அவளிடமே இருக்கும். அவருக்காகப் பழி சுமந்தவள் என்று அவள் இருப்பாள், யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நல்லதோ கெட்டதோ, அந்த மனிதர் தன் வாழ்க்கையில் துணிந்து செய்த ஒரே காரியம் பட்டு பேரில் போய்ச் சேரும். கிரைண்டரைக் கொடுத்தேன். என் பிள்ளையையும் பாதி கொடுத்தேன். இதையுமா?

"நாளைக்கு வக்கீல்கிட்ட போறோம்" என்றேன்.

"நிகிலுக்குத் தெரிய வேண்டாம் மன்னி. குழந்தை தாங்க மாட்டான்."

"அவன் என் பிள்ளை. அவனுக்கு என்ன தெரியணும்னு நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் காரில் நானே சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். அப்பாவா என்று கேட்பான், அழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கண்ணாடியில் பின்சீட்டில் இருந்த பட்டுவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "சித்திக்குத் தெரியும், உனக்குத் தெரியாதா மா?" என்று கேட்டான். கேஸ் நடந்த அத்தனை வருஷத்தில் பட்டுவுக்குக்கூட அப்படி ஒரு கேள்வி விழுந்திருக்காது.

பத்மஜாவின் மேஜைக்கு முன்னால் இந்தத் தடவை நான் முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். "எழுதிக்கோங்கோ. ரெண்டு டெபாசிட்டையும் வாங்கினது ராமசுவாமி."

பத்மஜா பேனாவை நிறுத்தினாள். "அவர் பட்டு ஆன்ட்டிக்கு என்ன உறவு?"

"மைத்துனர். நேருக்கு நேர் நின்னு பேசினதுகூட இல்லை. எனக்குப் புருஷன். என் பேரைப் போட்டு, இன்னாருடைய புருஷன்னு எழுதுங்கோ."

"உங்க பேர் தேவையில்ல ஆன்ட்டி. நீங்க பிசினஸ்லயே இல்லையே."

"தேவை இருக்கு. எழுதுங்கோ."

பத்மஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய மனசு ஆன்ட்டி உங்களுக்கு, செத்துப்போன புருஷன் பேரை இப்படி யாரும் எழுதவிட மாட்டார்கள் என்று என்னென்னவோ சொன்னாள். பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் கையை விடுவித்துக்கொண்டேன். பெரிய மனசு என்று நினைக்கிறவர்கள் நினைத்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்தப் பேரும் இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

பம்பாய்க் கம்பெனியின் வக்கீல் இளங்கோவனைக் கேட்டாராம். எழுதியது சரி என்று அவனும் சொன்னானாம். கேஸ் முடிந்துவிட்டது, செய்தவர் உயிரோடு இல்லை, மறைக்காமல் சொல்லிவிட்டார்கள் என்று அதோடு விட்டுவிட்டார்கள். விற்பனை நடந்தது. பட்டு இப்போது சௌந்தரராஜனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். பஜனை மண்டலியில் அவளை மறுபடியும் கூப்பிட ஆரம்பித்தார்கள். விஷயம் எப்படியோ தெரிந்து, அவளைத் தெய்வம் என்கிறார்கள். கிரைண்டர் என் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதில் அரைத்துப் பார்த்தேன். என் மாவு புளிக்கிறது. காலையில் தூக்குப் பாத்திரம் இன்னும் வருகிறது.

கம்பெனிக்குக் கொடுத்த அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். இங்கிலீஷில் இருக்கிறது. கொண்டாப்பூர் ஏஜென்ஸிக்காக இருவரை ஏமாற்றிப் பணம் பெற்றவர், ராஜத்தின் கணவர், காலஞ்சென்ற ராமசுவாமி என்று அர்த்தம். மேலேயும் கீழேயும் பக்கம் முழுக்கப் பட்டு, பட்டு, பட்டு என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு வரியில் அவள் பேர் இல்லை.